பெட்டியா, ஆளா?

என் தொண்டைக்கு இன்னமும் மவுசு இருக்கிறது என்று தினேஷ் வந்து சொன்னபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இலாகா அது. தினேஷ் எங்கள் பழைய ஸ்பீக்கர் கம்பெனியை இப்போது நடத்துகிறவர். இன்ஜினீயர். மண்ணூர்பேட்டையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டி அதே ஷெட்டில்தான் கம்பெனி இன்னும் இருக்கிறது. நடுவில் சில வருஷம் கல்யாண மண்டபங்களுக்கு ஆளுயரப் பெட்டிகள் செய்தார்கள். அப்புறம் உள்ளங்கையில் அடங்குகிற ப்ளூடூத் உருளைகளை ஜனங்கள் வாங்க ஆரம்பித்ததும் எதைச் செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். இப்போது பழையபடி சின்ன மானிட்டரில், அதாவது ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்கள் கேட்டுப் பார்க்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டியில், வந்து நிற்கிறார்கள்.

"அங்கிள், பழைய மாடலையே மறுபடி போடுறோம். கம்ப்யூட்டர்ல கிராஃப் எல்லாம் சூப்பரா வந்திருக்கு. ஆனா கேக்க வர்றவங்க கிராஃபைப் பாத்து வாங்க மாட்டாங்களே. அந்தக் காலத்துல செஞ்ச மாதிரி நீங்க வந்து திரைக்குப் பின்னாடி உக்காந்து பேசணும்."

"பேசறதுக்கா?" என்று உள்ளேயிருந்து வசந்தா கேட்டாள். "அவர நிறுத்தறதுக்குத்தான் தம்பி எனக்கு ஆள் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தினேஷுக்கு ஆச்சரியம். கூப்பிட்டால் ஓடிவருவேன் என்று நினைத்திருப்பார். அந்தத் திரைக்குப் பின்னால் நான் கடைசியாக உட்கார்ந்தது எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. தேர்வில் தோற்ற பெட்டிகளைப் பற்றித்தான் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். தோற்ற ஆள் நான் ஒருவன்தான்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து வானொலிக்காரர்கள், ஒலிப்பதிவு வண்டியின் நெருக்கடிக்குள் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்துகொண்ட ஜாதி அது. குக்கர் வைத்து விற்கும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். மெல்லிய ப்ளைவுட் பலகை. உள்ளே நாற்புறமும் தார் அட்டை ஒட்டியிருக்கும். தடிப் பலகை போட்டால்தானே உறுதி என்று எல்லோரும் கேட்பார்கள். தடிப் பலகை போட்டால், பேசுகிறவர் குரலோடு பெட்டி தன் குரலையும் சேர்த்துப் பேசும். மெல்லிய பலகையில் தார் அட்டையை ஒட்டினால் வாயை மூடிக்கொண்டிருக்கும். பின்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் சுற்றிலும் ஸ்க்ரூ வைத்து முடுக்குவோம். ஒரே சீராக முடுக்க வேண்டும். முடித்தபின் விரலை மடக்கித் தட்டினால், பழுக்காத பலாப்பழத்தைத் தட்டியதுபோல் உயிரே இல்லாமல் ஒலிக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு மனிதன் பேசினால் மனிதன் பேசுவதுபோல் கேட்பதற்கு. அது ஒன்றுதான் அந்தப் பெட்டிக்குத் தெரிந்த வித்தை. அதில் அதை அடிக்க ஆள் கிடையாது. மற்ற எதிலும் அது என்னைப்போல.

நான் அங்கே சேர்ந்தது மரவேலைப் பிரிவில் எடுபிடியாக. அதற்கு முன்னால் பாடியிலிருந்து ஆவடி போகும் ஷேர் வேனில் தொங்கிக்கொண்டு ஊர் பேர் சொல்லி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ முடுக்கக் கற்றுக்கொண்டதும், பசைப் பானையைக் கவிழ்த்துத் திட்டு வாங்கியதும் எல்லாருக்கும் நடப்பதுதான், விட்டுவிடுகிறேன். என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தவர் சாரதா மேடம்.

மேடம் சோதனை அறைக்குப் பொறுப்பு. பௌதிகம் படித்தவர். ஒரு பெட்டியை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவரிடம் இருந்தவை இரண்டே தீர்ப்புகள். "பெட்டி பேசுது" என்றால் திரும்பக் கழற்ற வேண்டும். "ஆள் இருக்கார்" என்றால் துணி மூடி போட்டு அனுப்பலாம்.

சோதனை நடக்கும் விதம் இது. அறையின் குறுக்கே மெல்லிய திரை. திரைக்குப் பின்னால் காதளவு உயரத்தில் ஸ்டாண்டு போட்டு ஒரு பெட்டி. அதை ஒட்டி ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு ஆள். அந்த ஆளின் குரலை முன்பே டேப்பில் பதிந்து வைத்திருப்பார்கள். ஆபரேட்டர் காசைச் சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் டேப்பை ஓட்டுவார், பூ விழுந்தால் பேசச் சொல்லி ஆளைத் தொடுவார். இரண்டும் ஒரே வாசகம்தான், ஒரே சத்தம்தான். மேடம் திரைக்கு இந்தப்பக்கம் கண்ணை மூடி, ஒரு டம்ளர் வெந்நீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெட்டி என்று தோன்றினால் கை தூக்குவார். கை தூக்க முடியாமல் அவர் திண்டாடினால் அந்தப் பெட்டி தேறிவிட்டது.

முன்பு அந்த ஸ்டூலில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் மேடம் எங்களை ஒவ்வொருவராகப் பேசவைத்துப் பார்த்தார். என் முறை வந்தபோது செய்தித்தாளைக் கொடுத்தார். நான் கழுத்தை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, செய்தி வாசிக்கத் தொடங்கினேன்.

"பாண்டுரங்கன், நீங்க யார் மாதிரி பேசுறீங்க?"

"செய்தி வாசிக்கறவர் மாதிரி மேடம்."

"அவர் நம்மகிட்ட வேலை செய்யலை. உங்களுக்கு யோசிக்காம வாயில வர்றது எதாவது சொல்லுங்க."

யோசிக்காமல் வாயில் வருவது எனக்கு ஒன்றுதான் உண்டு. "பாடி, மண்ணூர்பேட்டை, எஸ்டேட், ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி செக்போஸ்ட், ஆவடி பஸ் ஸ்டாண்டு!" என்று கூரை அதிரக் கத்தினேன்.

"இதையே பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். மேடம் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் அடங்கியிருந்த நேரமாகப் பார்த்து, சுவர் எதிரொலி சேராமல் இருக்க ஷெட்டை ஒட்டிய ஆபீஸ் மொட்டைமாடியில் வைத்து என் குரலைப் பதிந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியை விட்டு வெளியே போன ஒவ்வொரு சின்ன மானிட்டரும் முதன்முதலில் பேசியது என் குரலில்தான். எங்கெங்கோ ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய பெரிய வித்வான்களைப் பாடவைத்த பெட்டிகள் எல்லாம், அதற்கு முன்னால் பாடியிலிருந்து ஆவடிக்கு ஒரு நடை போய்வந்தவை.

இதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. தெரு முழுக்க, நான் கம்பெனியில் 'வாய்ஸ்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கனத்தை முதலில் இறக்கி வைத்தவன் என் மச்சினன் ஏழுமலை. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுகிற ஏற்பாடெல்லாம் அவனுடையது. அந்த வருஷம் ஹாரன் செட்டுக்காரர் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டார்.

"கவலைய விடு, என் பெட்டியைக் கொண்டாரேன்" என்றேன். வெளிப்பலகையில் கீறல் விழுந்ததால் கழித்துவிட்ட ஒரு ஜோடியைக் கம்பெனியில் எனக்குக் கொடுத்திருந்தார்கள். கோயில் வாசலில் இரண்டு தண்ணீர் டிரம்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் வைத்தேன். சுவரிலிருந்து தள்ளி, இரண்டுக்கும் சரியான இடைவெளி விட்டு, உட்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி.

ஏழுமலை சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இன்னா மாமா இது, டிபன் பாக்ஸு கணக்கா கீது? இதுல சவுண்டு வருமா?"

"இது சவுண்டு விடற பெட்டி இல்லடா. குரல் கேக்கற பெட்டி. நடுவுல இந்த நாற்காலியில உக்காந்து கேளு."

உட்கார்ந்து கேட்டான். அம்மன் பாட்டு ஓடியது. பாடுகிற அம்மாள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "மாமா, இங்கியே நிக்குற மாதிரி கீது!" என்றான். எனக்கு மார்பு விரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அப்படி. கூழுக்கு வரிசையில் நின்ற ஜனத்துக்கு அம்மன் பாட்டு நடக்கிறது என்கிற செய்தியே போய்ச் சேரவில்லை. பம்பைக்காரர்கள் வேறு வந்து இறங்கினார்கள். ஏழுமலை ஆம்ப்ளிஃபையர் குமிழை ஒரே திருகாகத் திருகினான். பெட்டி இரண்டு தரம் இருமியது. டக் டக் என்று அடிவயிற்றில் குத்து வாங்கியதுபோல் ஒரு சத்தம். பிறகு வார்னிஷ் கருகும் வாசனை. பிறகு பம்பை மட்டும்.

"அம்மனுக்கே கேக்கல, ஜனத்துக்கு எங்க மாமா கேக்கப்போவுது?" என்றான் ஏழுமலை. அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருவில் என் பெயர் டிபன் பாக்ஸ்.

மறுநாள் மேடத்திடம் போய்ப் பெட்டி எரிந்த கதையைச் சொன்னேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்றார். தெரு முழுக்க என்றேன். "நாலு பேர் உக்கார்ற ரூமுக்கு செஞ்சதைத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போனா பெட்டி என்ன பண்ணும்? அதுக்குத் தாழ்ந்த சத்தம் வராது, உரத்த சத்தம் தாங்காது. தெரிஞ்சுதானே அப்படி செஞ்சோம்" என்று சொல்லிவிட்டு, எரிந்ததைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொள்ள விட்டார்.

அந்த ஜோடி இன்னும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. சுவரோரம் தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும் என்பதால் கூடத்தின் நடுவில் நிற்கும். வசந்தா அவற்றைச் சுற்றித்தான் பெருக்குவாள். சரியாகக் கேட்கிற இடம் ஒரே ஒரு நாற்காலிதான். "வர்ற சனத்த எல்லாம் ஒருத்தர் மடியில ஒருத்தர உக்கார வெக்கவா?" என்று அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நாற்காலியில் எப்போதும் நான்தான் இருக்கிறேன்.

இப்போது பல் விஷயத்துக்கு வருகிறேன்.

வானொலி நிலையம் ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அவர்களுடைய ஸ்டூடியோக்கள் அத்தனைக்கும் சின்ன மானிட்டர். ஆனால் அவர்களுடைய அதிகாரிகளே நேரில் வந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு ஒப்புக்கொண்டால்தான். இது கைநழுவினால் சின்ன மானிட்டரையே நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்படி நிறுத்தினால் மேடத்துக்கும் வேலை இல்லை, ஸ்டூலுக்கும் வேலை இல்லை. மேடமாவது படித்தவர், எங்காவது போய்விடுவார். ஊர் பேர் சொல்லுகிறவனை யார் எடுப்பார்கள்? மறுபடியும் வேனில்தான் தொங்க வேண்டும்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் ஏழுமலை வீட்டுக் கைமுறுக்கு ஒன்றைக் கடித்தேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் முறுக்கோடு போய்விட்டன. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பல் டாக்டர், கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு பல் கட்டிக்கொடுத்தார். பழையவற்றைவிட அழகாக இருந்தன. பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பல் கட்டியது வீட்டு விஷயம், அதைப் போய்க் கம்பெனியில் எதற்குச் சொல்வது?

விடுமுறை முடிந்து முதல் ஜோடியைச் சோதனைக்கு வைத்தார்கள். மேடம் சட்டென்று கை தூக்கினார். "பெட்டி பேசுது. 'எஸ்டேட்'ல முனை மழுங்கியிருக்கு."

அடுத்த ஜோடியும் அதே. அதற்கடுத்ததும். ஒலி பிரிக்கும் சர்க்யூட்டில் ரெஸிஸ்டரை மாற்றி, மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கினார்கள். எஸ்டேட் சரியானது, பாடி கரகரத்தது. இறக்கினார்கள். பாடி சரியானது, செக்போஸ்ட் மழுங்கியது. ஸ்பீக்கருக்குள் அதிர்கிற கூம்பான கோன்மேல் பூசுகிற பசையில் கோளாறா என்று கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கோனுக்கும் பிரஷ்ஷால் பசை பூசுவது கன்னியம்மாவின் வேலை.

"நான் இன்னா புச்சாவா பூசறேன்? அதே டப்பா, அதே பிரசு, அதே கை. ஏன் மேல பழி போடாதீங்க" என்று பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பலகையைச் சந்தேகித்தோம். தார் அட்டையைச் சந்தேகித்தோம். நான் முடுக்கிய ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முடுக்கினேன். டேப் ஓட்டும் மிஷினைப் பிரித்துத் துடைத்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. பெட்டி மாறும், ஆள் மாறமாட்டான் என்பதுதான் அந்த அறையின் ஆதாரம். அளவுகோலையே அளந்து பார்க்க யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை. மேடத்தைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று பரிதாபப்பட்டபடி, புதுப்பல் பளபளக்க, பாடியிலிருந்து ஆவடிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லா ஜோடிகளையும் என் புதுப்பல்லுக்குத் தோதாகத் திருத்தி முடித்துவிட்டார்கள். அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் காலை, மேடம் மறுபடி ஒரு தரம் கேட்க உட்கார்ந்தார். முகம் சரியில்லை. எல்லாம் தேறியிருக்கின்றன, ஆனால் எதுவோ உறுத்துகிறது என்றார். பொங்கலுக்கு முன்னால் தேறிய பழைய ஜோடி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைக்கச் சொன்னார். ஆபரேட்டர் காசைச் சுண்டினார்.

முதல் தரம் மேடம் கை தூக்கவில்லை. இரண்டாம் தரம் தூக்கினார்.

"பெட்டி பேசுது. 'ஸ'வுல தகரம் ஒட்டியிருக்கு."

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டாம் தரம் பேசியது நான்.

காசு மறுபடி விழுந்தது. நான் பேசினேன். கை உயர்ந்தது. "பெட்டி." டேப் ஓடியது. கை உயரவில்லை. மறுபடி நான். "பெட்டி."

திரையை மேடம் தன் கையால் விலக்கி அன்றுதான் பார்த்தேன். பெட்டிக்குள் பார்க்கிற டார்ச்சை எடுத்துவந்தார்.

"வாயைத் திறங்க."

திறந்தேன்.

"எப்போ?"

"பொங்கலுக்கு மேடம்."

"கழட்டுங்க."

ஆபரேட்டர், மரவேலை ஆட்கள், கோபித்துக்கொண்டு போன கன்னியம்மா, எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க."

"பாடி, மண்ணூர்பேட்டை, எத்தேத்து..."

அறையே சிரித்தது. கன்னியம்மா, "இன்னா அண்ணாத்தே, ஸ்டாப்பையே எட்த்துட்ட?" என்றாள். மேடம் சிரிக்கவில்லை. நான் சிரித்ததாக ஞாபகம். உள்ளுக்குள் அப்படியே கூசிப்போனேன். பல் இருந்தால் பெட்டி, இல்லாவிட்டால் கோமாளி. டேப்பில் பேசுகிறவன் மட்டும்தான் நான், அவனோ பொங்கலோடு போய்விட்டான்.

மேடம் டார்ச்சை அணைத்தார். "ரெஸிஸ்டர் எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க. நாளைக்குப் பாண்டுரங்கன் வேண்டாம். கன்னியம்மா, இங்க வாங்க. எதாவது பேசுங்க."

"நான் இன்னா பேசறது மேடம்? இன்னிக்கி எங்க ஊட்ல மீன் கொழம்பு, அதான் தெரியும்."

"அதையே சொல்லுங்க."

அறைக்குள் பஞ்சு மெத்தைகளைச் சுற்றி நிறுத்தி, நடுவில் கன்னியம்மாவை உட்காரவைத்துப் பதிந்தார்கள். சங்கரா மீனைச் சுத்தம் செய்வதில் தொடங்கி, புளி கரைத்து, கொதி வந்து இறக்குகிறவரைக்கும். அவள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் ரெஸிஸ்டர் மாற்றிய பெட்டிகளுக்குப் பின்பலகை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மீன் குழம்பில் இவ்வளவு 'ச' இருக்கிறது என்று எனக்கு முன்னாடியே தோன்றாமல் போயிற்றே என்று எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களில் மூத்தவர், யாரோ ஒருத்தி சமையல் சொல்கிறாள் என்று சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் திரையைப் பார்த்து, "ஏம்மா, தக்காளி போட மாட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது டேப். பெட்டி பதில் சொல்லாமல் அதன்பாட்டுக்கு மிளகாய்த்தூளைப் போட்டது. ஸ்டூலில் இருந்த கன்னியம்மாவுக்குத் தாங்கவில்லை. "புளி போட்ட பொறவு தக்காளி எதுக்கு சார்?" என்று குரல் கொடுத்தாள்.

இரண்டு கன்னியம்மா ஒரே சமயத்தில் பேசியதைக் கேட்டு அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஆர்டர் கிடைத்தது.

ஸ்டூல் கன்னியம்மாவுக்குப் போயிற்று. என் வேலை தப்பியது, பட்டம் போயிற்று. ஓய்வு பெறும்வரை பின்பலகை முடுக்கினேன். மேடம் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர் என்னைப் 'பெட்டி' என்றது காதிலேயே தங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆளை ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் எங்கே போய் மேல்முறையீடு செய்வான்?

தினேஷிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கடைசியில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன், மேடமும் வருகிறார் என்று அவர் சொன்னதால்.

போன ஞாயிறு போனேன். அதே திரை இல்லை, புதுத் திரை. ஸ்டூல் அதே. சொந்தமாகப் பாட்டுக் கேட்கிற ஆர்வலர்கள் நிறைய வந்திருந்தார்கள். மேடம் முன்வரிசையில், இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு, தலை முழுக்க வெள்ளையாக உட்கார்ந்திருந்தார். கையில் அதே வெந்நீர் டம்ளர்.

தினேஷ் என்னுடைய அந்த மொட்டைமாடி டேப்பைத்தான் ஓட்டினார். பல் இருந்த பாண்டுரங்கன் பாடியிலிருந்து கிளம்பினான். அவனுக்கு என்ன குரல்! என்ன தெளிவு! எனக்கே அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அவன் ஆவடி போய்ச் சேர்ந்ததும் நான் தொடங்கினேன். எவ்வளவு பொறுமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பொறுமையாக, பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி.

"எது ஆள்?" என்று தினேஷ் கேட்டார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் முதல் குரலுக்குத்தான் தூக்கப்பட்டன என்று பிறகு சொன்னார்கள். கைதட்டல் எனக்கும் கேட்டது. பெட்டி வென்றுவிட்டது. தினேஷுக்கு வேண்டியதும் அதுதான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று செருப்பைத் தேடினேன்.

அப்போது திரைக்கு அந்தப்பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"பாண்டுரங்கன், பல்லு மறுபடி மாத்தினீங்களா?"

"ஆமா மேடம். இப்போ முழு செட்டு."

"'எஸ்டேட்' மறுபடி சொல்லுங்க."

"எஸ்டேட்."

"செக்போஸ்ட்."

"செக்போஸ்ட்."

வெந்நீரை ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்:

"ஆள் இருக்கார்."